ஒப்பந்தம் முடிய இன்னும் 13 மாதம். பெரிய பக்கேஜுக்கு மாற முடியவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்

குருக்கள்மடம் டீச்சர்:

வணக்கம். இன்று 14ஆம் திகதி. என் கைபேசியில் இந்த மாத டேட்டா 11ஆம் திகதியே தீர்ந்துவிட்டது. போன மாதம் 12. அதற்கு முந்திய மாதமும் ஏறத்தாழ அப்படித்தான்.

24 மாத ஒப்பந்தத்தில் எடுத்த போஸ்ட்பெய்ட் இணைப்பு இது. 11 மாதம் கழிந்திருக்கிறது. எடுக்கும்போது வட்ஸ்அப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு தேவை இருக்கவில்லை. இப்போது வாரத்தில் நான்கு மாலை, உயர்தர மாணவர்களுக்குச் சூம் வகுப்பு எடுக்கிறேன். டேட்டா தீரத் தீர மேலதிக டேட்டா வாங்குவதில் அடுத்த பெரிய பக்கேஜின் விலையைத் தாண்டிச் செலவாகிறது. நான் கூடுதலாகப் பணம் தருகிறேன் என்று சொல்கிறேன். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

செயலியில் பெரிய பக்கேஜை அழுத்தினால் "கோரிக்கை ஏற்கப்பட்டது" என்று வருகிறது. இரண்டு மணி நேரம் கழித்து "இது உங்கள் இணைப்புக்குப் பொருந்தாது" என்று குறுஞ்செய்தி. வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று தடவை அழைத்தேன். முதலில் பேசிய பிள்ளை, அடுத்த பில்லிலிருந்து மாறிவிடும் என்றது. இரண்டாவது ஆள், ஒப்பந்தம் முடியும்வரை எதையும் தொட முடியாது என்றார். மூன்றாமவர், மாற்றலாம், ஆனால் 24 மாதம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும் என்றார். நேரில் கிளைக்கே போனேன். அங்கிருந்த தம்பி வெகுநேரம் கணினியைப் பார்த்துவிட்டு, "மாற்றுகிற தெரிவே எனக்கு வரவில்லை மிஸ்" என்றார். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை.

களப்புக் காற்று:

செயலியை அழித்துவிட்டுப் புதிதாக இறக்கிப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் சரிவந்தது.

குருக்கள்மடம் டீச்சர்:

இரண்டு தடவை செய்துவிட்டேன். மகனின் கைபேசியிலிருந்தும் முயன்றேன். அதே குறுஞ்செய்திதான்.

நிந்தவூர் கடைக்காரன்:

டீச்சர், நான் ரீலோட் கடை வைத்திருப்பவன். இந்த முறைப்பாட்டோடு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஏதாவது பழைய நிலுவை இருக்கும். நூறு ரூபாய் பாக்கி இருந்தாலும் பக்கேஜ் மாறாமல் நிற்பதைக் கண்டிருக்கிறேன். கடன் எல்லையையும் பாருங்கள். புதிய பக்கேஜின் மாத வாடகை உங்களுக்கு வைத்திருக்கும் எல்லையை விடக் கூடினாலும் கோரிக்கை திரும்பிவிடும். வைப்புப் பணம் கட்டி எல்லையை உயர்த்த வேண்டியிருக்கும்.

இன்னொன்று. "நான் மாற்றித் தருகிறேன், வருகிற இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று எந்தக் கடைக்காரன் கேட்டாலும் அந்த ஒருமுறைக் கடவு எண்ணைச் சொல்லாதீர்கள். கடைக்காரன் என்பதில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குருக்கள்மடம் டீச்சர்:

நன்றி நானா. நிலுவை இல்லை, பற்றுச்சீட்டு இருக்கிறது. கடன் எல்லையும் போதுமானதாகவே காட்டுகிறது.

சும்மா ஒருவன்:

இவ்வளவு பாடு எதற்கு? ஒப்பந்தத்தை முறித்துவிட்டு ஒரு ப்ரீபெய்ட் சிம் வாங்குங்கள்.

குருக்கள்மடம் டீச்சர்:

கைபேசியையும் இந்த ஒப்பந்தத்தில்தான் கழிவு விலைக்கு எடுத்தேன். இடையில் முறித்தால் அந்தக் கழிவைத் திருப்பிக் கட்ட வேண்டும். வங்கியிலும், இரண்டு பாடசாலைப் பெற்றோரிடமும் இருப்பது இந்த இலக்கம். நீங்கள் வந்து எல்லோரிடமும் சொல்வீர்களா?

பழைய ஹெட்செட்:

ஆறு வருடம் அழைப்பு நிலையத்தில் வேலை செய்தவன் நான். செயலி ஏற்றுக்கொண்ட பிறகு திரும்புகிறது, கிளையில் தெரிவே வரவில்லை என்றால் பெரும்பாலும் கணக்கின் வகைதான் காரணம். மூன்று கேள்வி. பில்லின் முதல் பக்கத்தில், உங்கள் பெயருக்கு மேலே வேறு பெயர் ஏதாவது இருக்கிறதா? உடன் பணியாற்றுகிறவர்களுக்கு அழைத்தால் கட்டணம் இல்லையா? இணைப்பை எங்கே வைத்து எடுத்தீர்கள்?

குருக்கள்மடம் டீச்சர்:

பில்லை இப்போதுதான் ஒழுங்காகப் பார்க்கிறேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. 11 மாதமாக அடியில் உள்ள தொகையை மட்டும் பார்த்துக் கட்டியிருக்கிறேன். மேலே, நான் முன்பு படிப்பித்த பாடசாலையின் ஆசிரியர் நலன்புரிச் சங்கத்தின் பெயர். அதற்குக் கீழேதான் நான்.

நினைவு வருகிறது. மண்டூர்ப் பக்கம் படிப்பித்த காலம். இடைவேளையில் ஒரு விற்பனைப் பிரதிநிதி ஆசிரியர் அறைக்கு வந்தார். தனியாக எடுத்தால் இந்த விலை, எல்லோருமாக எடுத்தால் அந்த விலை, தங்களுக்குள் பேசினால் இலவசம் என்றார். அடையாள அட்டைப் பிரதியைக் கொடுத்து, ஆங்கிலப் படிவத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தோம். பிள்ளைகளுக்கு வினாவை இரண்டு தடவை வாசியுங்கள் என்று சொல்கிறவள் நான்! நான்கு மாதத்துக்கு முன் இடமாற்றம் கிடைத்து இப்போது கல்முனையில் இருக்கிறேன்.

பழைய ஹெட்செட்:

அதுதான் விடயம். உங்களுடையது குழுக் கணக்கு. பணம் கட்டுவது நீங்களாக இருந்தாலும், பக்கேஜை மாற்றும் உரிமை சங்கம் நியமித்த இணைப்பாளரிடம் இருக்கும். தனிநபர் பிரிவில் உள்ளவருக்கு உங்கள் கணக்கில் பூட்டுத்தான் தெரியும். மூன்று பேரும் மூன்று பதில் சொன்னது அதனால்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை, ஊகித்தார்கள்.

உங்களுக்கு இரண்டு வழி. இணைப்பாளரின் கடிதத்தோடு குழுவுக்குள்ளேயே பெரிய பக்கேஜுக்கு மாறலாம். அப்படி உயர்த்தும்போது பழைய முடிவுத் திகதி அப்படியே இருப்பதுதான் வழக்கம், ஆனாலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அல்லது இணைப்பை உங்கள் சொந்தப் பெயருக்கு மாற்றலாம். அது புதிய ஒப்பந்தம், 24 மாதம் அங்கேதான் மறுபடி தொடங்கும். குழு அழைப்புச் சலுகையும் போய்விடும். நான் என்றால் முதல் வழியில் போவேன். இனிமேல் அழைக்கும்போது "நிறுவனக் கணக்குப் பிரிவு" என்று கேளுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதி வையுங்கள். அவர்கள் இழுத்தடித்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு 1900 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடலாம். அங்கே போகுமுன் நிறுவனத்திடம் முறையிட்டதற்கு அந்த முறைப்பாட்டு இலக்கம்தான் சாட்சி.

குருக்கள்மடம் டீச்சர் (12 நாள் கழித்து):

முடிந்தது. இணைப்பாளராக இருந்த சேர் ஓய்வு பெற்றுவிட்டார். சங்கத்தின் புதிய செயலாளருக்கு, தான்தான் இப்போது இணைப்பாளர் என்பதே தெரியாது. முதலில் அவர் பெயரைப் பதிய ஒரு கடிதம், பிறகு என் பக்கேஜுக்கு ஒரு கடிதம். இரண்டுக்கும் சங்கத்தின் இறப்பர் முத்திரை வேண்டும், முத்திரை பாடசாலை அலுமாரியில். சனிக்கிழமை குருமண்வெளியில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி மண்டூருக்குப் போனேன். ஒரு காலத்தில் தினமும் போன ஆறு. அன்று முத்திரைக்காகக் கடந்தேன். செயலாளர் தேநீர் தந்து, தன் பக்கேஜையும் அதே கடிதத்தில் சேர்த்துக்கொண்டார்.

26ஆம் திகதி மாறியது. ஒப்பந்த முடிவுத் திகதி மாறவில்லை என்று மின்னஞ்சலும் வந்துவிட்டது. ஆனால் இந்தத் தடவைப் பில் ஏறக்குறைய இரு மடங்காக இருக்கும் என்கிறார்கள். இது சரிதானா?

நிந்தவூர் கடைக்காரன்:

உங்கள் பில் திகதி என்ன?

குருக்கள்மடம் டீச்சர்:

ஒவ்வொரு மாதமும் 5.

நிந்தவூர் கடைக்காரன்:

அப்படியானால் 5 முதல் 25 வரை பழைய பக்கேஜுக்கு 21 நாள், 26 முதல் 4 வரை புதியதுக்கு 10 நாள். வாடகையை முற்கூட்டியே அறவிடுகிற நிறுவனம் என்றால் அடுத்த மாதத்துப் புதிய வாடகையும் இதே பில்லில் ஏறும். அதற்கு மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம் வற் வரி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் விலையில் வரி பெரும்பாலும் சேர்ந்திருக்காது. ஒரு தடவைதான் டீச்சர், அடுத்த பில் இறங்கிவிடும். அந்த 10 நாளைக்கு டேட்டாவும் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும், முழு அளவென்று நினைத்து வகுப்பு வைத்துவிடாதீர்கள்.

குருக்கள்மடம் டீச்சர்:

நல்ல வேளை சொன்னீர்கள். நாளைக்கு மூன்று மணி நேர மீட்டல் வகுப்பு வைத்திருந்தேன். 5ஆம் திகதிக்குப் பின் போடுகிறேன்.

களப்புக் காற்று:

டீச்சர், அந்தச் சங்கத்தில் என் அக்காவும் இருக்கிறா. அவவின் கடிதத்துக்கும் முத்திரை கிடைக்குமா?