கைத்துப்பாக்கித் தோட்டாவைக் கார்பைனுக்கு அடைப்பவர்கள்: நேரில் பார்த்த அனுபவங்கள்

பாயான் லெப்பாஸ், ஓய்வுபெற்ற டூல்மேக்கர்:

சுட்டு முடித்த கூட்டில் வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டா அடைக்கும் இந்த வேலையை மலேசியாவில் யாரும் வீட்டில் செய்துபார்க்க நினைக்க வேண்டாம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா கையில் இருந்தாலே ஏழாண்டு வரை சிறை. நான் பார்த்தது அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்துச் சாண்ட்லர் நகரில். பினாங்குச் சிப் தொழிற்சாலைகளில் வேலை பழகிய நம் பிள்ளைகள் சிலர் அங்கே குடியேறியிருக்கிறார்கள். என் மருமகனும் அப்படிப் போனவர்தான். இப்போது அந்நாட்டுக் குடிமகன். சொந்த உபயோகத்துக்குத் தோட்டா அடைத்துக்கொள்ள அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பனைக்குச் செய்தால்தான் வேண்டும்.

அவரிடம் .357 மேக்னம் ரிவால்வர் ஒன்றும், அதே தோட்டாவைச் சுடும் கார்பைன் ஒன்றும் இருக்கின்றன. கார்பைன் என்றால் குட்டையான ரைபிள். அவருடையதில் பிடிக்குக் கீழே இருக்கும் நெம்புகோலை இழுத்து மடக்கினால் அடுத்த தோட்டா ஏறும். இடுப்புக்கும் தோளுக்கும் ஒரே தோட்டா என்பது அங்கே பழைய ஆசை. 1870களிலேயே வின்செஸ்டர் ரைபிளும் கோல்ட் ரிவால்வரும் ஒரே தோட்டாவைப் பகிர்ந்துகொண்டன. .357 மேக்னம் வந்தது 1935இல். அதற்கு முன் இருந்த .38 ஸ்பெஷலின் கூட்டைக் கொஞ்சம் நீட்டினார்கள். பழைய, வலுக்குறைந்த ரிவால்வரில் புதிய தோட்டா நுழையக்கூடாது என்பதுதான் அந்த நீட்டலுக்கு முக்கியக் காரணம்.

கடையில் கிடைக்கும் தோட்டா இருக்கும்போது இவர் ஏன் உட்கார்ந்து அடைக்கிறார் என்று கேட்டேன். "மாமா, கடைத் தோட்டா பெரும்பாலும் ரிவால்வரை நினைத்துச் செய்தது" என்றார். பிறகு பென் ஏவரி சுடுதளத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினார். பீனிக்ஸ் நகருக்கு வடக்கே, மாநில வனவிலங்குத் துறை நடத்தும் இடம் அது. நான்கு அங்குலக் குழல் உள்ள ரிவால்வரில் 158 கிரெய்ன் (ஏறக்குறைய பத்து கிராம்) எடையுள்ள குண்டு நொடிக்கு 1,200 அடியைச் சற்றுத் தாண்டியது. அதே குண்டு, அவர் அடைத்த தோட்டாவில், கார்பைனின் நீளக் குழல் வழியாக 1,700 அடியைத் தாண்டியது. வேகமானியில் எண்ணைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

காரணம் எளிது. குட்டைக் குழலில் மருந்து எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியே போய்விடுகிறது. மிச்சம் வாய்ப்பக்கம் தீப்பிழம்பாக வீணாகிறது. ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியிலும் வாயு கசிகிறது. கார்பைனில் அந்த இடைவெளி கிடையாது, குழலும் நீளம். ஆகவே மெதுவாக எரியும் மருந்தைத் தேர்ந்தெடுத்தால் அது நெடுநேரம் தள்ளிக்கொண்டே இருக்கும். வேகமாக எரியும் மருந்தானால் ஆரம்பத்திலேயே உச்சத்தைத் தொட்டு அடங்கிவிடும்; நீளக் குழலால் கிடைக்கும் ஆதாயம் சொற்பம்.

ஆனால் வேகம் கூடினால் போதும் என்று நினைப்பவர்களிடம் எனக்கு மதிப்பில்லை, மருமகனுக்கும் இல்லை. கைத்துப்பாக்கி வேகத்துக்கென்று மெல்லிய உறை போட்ட குழிமூக்குக் குண்டு, கார்பைன் வேகத்தில் பட்டதும் ஆழம் போகாமல் சிதறிவிடக்கூடும். அதனால் அவர் கனமான, கெட்டியான, தட்டை மூக்குக் குண்டுகளையே வாங்குகிறார். தட்டை மூக்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த வகைக் கார்பைனில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு குழாய்க்குள் வரிசையாகக் கிடக்கும். ஒன்றின் மூக்கு முன்னதன் பின்பக்கத்தை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை, தொட்டுக்கொண்டிருக்கும். கூர்மூக்காக இருந்து அதிர்ச்சியில் இடித்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட பகுதி. முப்பது வருடத்துக்கு மேல் அச்சும் டையும் செய்தவன் நான். மருமகன் தோட்டா அடைக்கும் கராஜில் இருந்த, மிகக் கெட்டியான கார்பைடு டையைப் பார்த்ததும் கை துறுதுறுவென்றது. தொட முடியாது. சுற்றுலா விசாவில் வந்தவன் அந்நாட்டில் தோட்டாவை வைத்துக்கொள்வதே குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, என்னிடம் அதெல்லாம் ஏது? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயை மட்டும் பயன்படுத்தினேன். மருமகனுக்கு அதுதான் பெரிய தொல்லையாக இருந்திருக்கும்.

சுட்டு முடித்த பித்தளைக் கூடு சற்று விரிந்திருக்கும். அதை டைக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். கூடு நேர்ச்சுவராக இருப்பதால் கார்பைடு டைக்கு எண்ணெய் பூச வேண்டியதில்லை. எரிந்த பிரைமரைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்தி, வாயை இம்மியளவு விரித்து, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை உட்காரவைத்து, கடைசியில் வாய்விளிம்பை உள்நோக்கி மடித்துக் குண்டின் வரிப்பள்ளத்தில் பதிக்கிறார்கள். இந்த மடிப்புதான் முழு வேலையின் உயிர். ரிவால்வரில் உதைப்பு குண்டை முன்னே இழுக்கப் பார்க்கும். கார்பைனின் குழாயில் சுருள்வில் அதைப் பின்னே அமுக்கப் பார்க்கும். இரண்டையும் தாங்க வேண்டும். குண்டு உள்ளே இறங்கிவிட்டால் கூட்டுக்குள் இடம் குறைந்து அழுத்தம் எகிறும். இந்தத் தோட்டாவுக்கு விதிக்கப்பட்ட உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு.

கூடுகளின் நீளம் ஒன்றுக்கொன்று வேறுபட்டால் மடிப்பும் வேறுபடும். மருமகன் முதலில் ஒப்புக்கு நாலைந்தை அளந்துவிட்டு மீதியை அப்படியே வைத்திருந்தார். "எல்லாவற்றையும் அளங்கள் தம்பி" என்றேன். அளந்தபோது வித்தியாசம் தெரிந்தது. அன்று முதல் வெட்டிச் சமப்படுத்திய பிறகே அடைக்கிறார். மொத்த நீளமும் முக்கியம்: .357க்கு உச்சம் 1.590 அங்குலம். அதைத் தாண்டினால் கார்பைனுக்குள் தோட்டாவை மேலே தூக்கிக் கொடுக்கும் பலகையில் அது சிக்கிக்கொள்ளலாம். மிகவும் குட்டையாக இருந்தாலும் சில கார்பைன்கள் முரண்டு பிடிக்கும்.

மருந்தின் அளவை யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். அதை மருந்துக் கம்பெனி அச்சிட்ட குறிப்பேட்டில் பார்த்துத்தான் போட வேண்டும். அடுத்தவர் வாய்ச்சொல்லை நம்பிப் போடக்கூடாது. அதிகம் போடுவது மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். மெதுவாக எரியும் சில மருந்துகளைக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைத்தாலும் விபரீதம்தான்.

செந்தூல், கோலாலம்பூர்:

என்னுடையது சின்ன அனுபவம். வெளிநாட்டு நண்பர் ஒருவர் சுட்டு முடித்த .44 மேக்னம் கூட்டில் வளையம் மாட்டிச் சாவிக்கொத்தாகக் கொடுத்தார். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் பித்தளை. ஒரு விமான நிலையத்தில் ஊடுகதிர்ப் பெட்டி அதைக் காட்டிக்கொடுத்தது. அதிகாரிகள் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் விசாரித்து எழுதி வாங்கி முடிப்பதற்குள் விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்துவிட்டது. சாவியைக் கொடுத்தார்கள், கூட்டைக் கொடுக்கவில்லை. ஊருக்குத் திரும்புகிறவர்கள் இப்படிப்பட்ட அன்பளிப்புகளை அங்கேயே விட்டுவிடுங்கள்.

நிபோங் தெபால்:

எங்கள் அப்பா தோட்டத்தில் இருந்தபோது காட்டுப்பன்றிக்காக உரிமம் பெற்ற செனாப்பாங் பாத்தா (மடக்கித் திறக்கும் வேட்டைத் துப்பாக்கி) ஒன்று பக்கத்து வீட்டாரிடம் இருந்தது. அவர் ஒவ்வொரு தோட்டாவையும் கணக்கு வைத்திருப்பார். பிள்ளைகள் காலிக் கூட்டைப் பொறுக்கி விளையாடினால் அப்பாவிடம் அடி நிச்சயம். 1977இல் இதே பினாங்கில், துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருந்ததற்காகப் பதினான்கு வயதுப் பையனுக்கு மரண தண்டனை விதித்தார்கள். பிறகு கருணை மனுவால் தூக்கிலிருந்து தப்பினான். அதற்கு வழிசெய்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டுவிட்டது என்றாலும், அந்தக் காலத்து அப்பாக்களின் பயம் போகவில்லை. டூல்மேக்கர் அண்ணனிடம் ஒரு கேள்வி: இத்தனை பாடுபட்டு அடைப்பதில் காசு மிச்சமா?

லிட்டில் இந்தியா, ஜார்ஜ்டவுன், நகைப் பட்டறை:

கிரெய்ன் கணக்கு எனக்குப் பழக்கம் என்பதால் எழுதுகிறேன். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். ஒரு கிராமுக்குப் பதினைந்தரைக்குச் சற்றுக் குறைவு. எங்கள் தராசு அதற்குக் கீழேயும் காட்டும். ஓர் ஆஸ்திரேலியர் கடைக்கு வந்து, தாத்தா காலத்துப் பெட்டித் தராசை விலை கேட்டார். எதற்கு என்றேன். தம் ஊரில் உரிமத்தோடு தோட்டா அடைப்பதாகவும், மின்தராசு சொல்லும் எடையைச் சரிபார்க்க இது வேண்டும் என்றும் சொன்னார். மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, தட்டு அசைவது நிற்கும்வரை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பட்டறைப் பையன்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. தராசைக் கொடுக்கவில்லை, தாத்தாவுடையது. வேறு கடையைக் காட்டினேன்.

பாயான் லெப்பாஸ், டூல்மேக்கர், மீண்டும்:

நிபோங் தெபால் தம்பிக்கு: தோட்டாவில் விலை கூடிய பாகம் பித்தளைக் கூடுதான். அதைப் பலமுறை பயன்படுத்தலாம் என்பதால் தோட்டா ஒவ்வொன்றுக்கும் மிச்சம் உண்டு. ஆனால் மிச்சப்பட்டதை மேலும் சுட்டே தீர்த்துவிடுகிறார்கள் என்று என் மகள் சொல்கிறாள். வாயை விரிப்பதும் மடிப்பதுமாக இருப்பதால் கூடு முதலில் விளிம்பில்தான் கீறல் விடும். கீறல் கண்டதைத் தூக்கிப் போட வேண்டும்.

நகைப் பட்டறை ஐயாவுக்கு: தராசைவிட எனக்குப் பிடித்தது டார்ச் விளக்கு. மருமகன் மருந்து போட்ட கூடுகளை எல்லாம் கட்டையில் வரிசையாக நிறுத்தி, குண்டு வைக்கும் முன் ஒவ்வொன்றுக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். மெதுவாக எரியும் மருந்து கூட்டை ஏறக்குறைய நிரப்பிவிடும். தவறி இருமுறை போட்டால் வழிந்து தெரிந்துவிடும். வேகமாக எரியும் மருந்து அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். அதில் இரண்டு மடங்கு விழுந்தாலும் கண்ணுக்குச் சட்டென்று படாது, துப்பாக்கி பிளந்த பிறகுதான் தெரியும். மருந்தே விழாத கூடும் ஆபத்துதான்: பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலின் நடுவில் செருகிவிடும். நீளக் குழலில் அதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். சத்தம் வழக்கத்துக்கு மாறாக மெலிந்து கேட்டால், அடுத்ததைச் சுடாமல் துப்பாக்கியைக் காலிசெய்துவிட்டுக் குழலைப் பார்க்க வேண்டும். சுடுதளத்தில் மருமகன் பக்கத்துக்காரரைக் கைகாட்டி நிறுத்தியது அப்படி ஒரு சத்தத்துக்குத்தான். அவர் முதலில் முறைத்தார். கம்பியை விட்டுப் பார்த்ததும் பாதி வழியில் முட்டி நின்றது.

.357 கார்பைனில் .38 ஸ்பெஷல் போடலாமா என்று இருவர் தனியே கேட்டிருந்தார்கள். போடலாம்; பெரும்பாலானவற்றில் ஏறும், உதைப்பும் குறைவு. ஆனால் குட்டைக் கூடு நிறையச் சுட்டால், துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையில் வளையமாகக் கரி படியும். அதைத் தேய்த்து எடுத்த பிறகே நீளக் கூட்டுக்கு மாற வேண்டும்.