'இனிப்புக் குறியீடு' வேண்டாமே

வணக்கம்.

ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் எண்தான் கிளைசெமிக் இண்டெக்ஸ். அதற்குத் தமிழில் 'இனிப்புக் குறியீடு' என்று சொல்லலாம் என நம் குழுவில் ஐயா ஒருவர் நேற்று எழுதியிருந்தார்கள். 'கிளைசெமிக்' என்ற சொல்லின் கிரேக்க வேரில் இனிப்பும் உண்டு, ரத்தமும் உண்டு. ஐயா ரத்தத்தை விட்டுவிட்டார்கள்.

நாக்குக்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை. ஃபிரக்டோஸ் நாம் காபியில் போடும் சர்க்கரையைவிட இனிப்பு. அதன் எண்ணோ 25-க்குள் அடங்கிவிடும். இனிக்காத வெள்ளைச் சோறு பல ரகங்களில் 70-ஐத் தாண்டுகிறது. 'இனிப்பு' என்று பெயர் வைத்தால், லட்டை ஒதுக்கிவிட்டு இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் தினமும் நடப்பதுதான்.

'சர்க்கரை வேகம்' என்று வைக்கலாமா என்றால், காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அளப்பது வேகத்தை மட்டும் அல்லவே. செரிக்கக்கூடிய கார்போஹைட்ரேட் 50 கிராம் உள்ள உணவைக் கொடுத்து, அடுத்த 2 மணி நேரத்துக்குள் பலமுறை ரத்தம் எடுத்து, சர்க்கரை ஏறி இறங்கும் வளைகோட்டின் கீழுள்ள பரப்பைக் கணக்கிடுகிறார்கள். அதே ஆளுக்குக் குளுக்கோஸ் கொடுத்தபோது வந்த பரப்பு 100. டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 1981-இல் வெளியிட்ட முறை இது. அடிப்படை ஆண்டை 100 என்று வைத்துக்கொள்ளும் விலைவாசிக் கணக்கு மாதிரிதான். 'குறியீடு' சிம்பலுக்கும் போய்விட்டதால் இங்கே 'குறியெண்' போதும்.

(கார்போஹைட்ரேட்டை மாவுச்சத்து என்று எழுதாதது வேண்டுமென்றேதான். பாலில் இருக்கும் சர்க்கரையை மாவு என்று எப்படிச் சொல்வது? இலங்கை நண்பர்கள் அதற்கு எழுதும் 'காபோவைதரேற்று' பற்றித் தனி இழையில் சண்டை போடலாம்.)

சரி, என் சொல்: சர்க்கரையேற்றக் குறியெண். "சுகர் ஏறிப்போச்சு" என்று நோயாளிகளே சொல்கிறார்கள். அந்த 'ஏறு' நமக்கு இனாமாகக் கிடைத்த வேர்ச்சொல்.

அப்புறம் கிளைசெமிக் லோடு: உணவின் எண்ணோடு, சாப்பிடும் அளவில் உள்ள கார்போஹைட்ரேட்டையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு. பழைய பட்டியல்களில் தர்பூசணியின் எண் 70-க்கு மேல். ஆனால் 100 கிராம் பழத்தில் கார்போஹைட்ரேட் 8 கிராம்கூடத் தேறாது. எண்ணை அந்தக் கிராமால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6 வரும். இது 'சர்க்கரையேற்றச் சுமை'. ஏற்றமும் சுமையும் தமிழில் ஏற்கெனவே ஒன்றாகப் புழங்கும் சொற்கள்தான்.

நீளம் என்ற குறை வரும், தெரியும். உணவுப் பொட்டலத்தில் அச்சிட 'ஏற்றெண்' என்று சுருக்கினால் புரியுமா? குழுவில் உள்ள மருத்துவர்கள் சொல்லுங்கள்.