துப்ரோவ்னிக் பழைய நகரம்: வழிகாட்டியோடு நடப்பது வீண் செலவா?

நாடோடி77:
குரோவேஷியா போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: துப்ரோவ்னிக்கில் வழிகாட்டி நடைக்குப் பணம் கட்டாதீர்கள். மதிலின் மொத்தச் சுற்றளவே இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பீலே வாசலில் நுழைந்து ஸ்ட்ராடுன் வீதியில் நேரே நடந்தால் சில நிமிடங்களில் மறுகோடி மணிக்கூண்டு வந்துவிடும். கோடையில் மதில் மேல் ஏறவே 35 யூரோவுக்குக் குறையாது. காசை அங்கே செலவழியுங்கள். ஒனோஃப்ரியோ நீரூற்றில் தண்ணீர் பிடிக்கப் போனால் நான்கு குழுக்கள் வழியை அடைத்து நிற்கின்றன, நடுவில் ஆளுக்கொரு குடை!

கோவைவாணி:
தொலைந்து போகாமலிருக்கவா வழிகாட்டியை அமர்த்துகிறோம்? ஸ்ட்ராடுனின் இருபுறமும் வீடுகள் ஏன் ஒரே மாதிரி நிற்கின்றன என்று உங்கள் மதில் டிக்கெட்டில் எழுதியிருந்ததா? 1667 ஏப்ரல் நிலநடுக்கத்தில் ஊரின் பெரும்பகுதி இடிந்தது. பிறகு ராகுசா குடியரசு (துப்ரோவ்னிக் அன்று தனி நாடாக இருந்தபோது அதன் பெயர்) ஒரே திட்டப்படி கட்டச் சொன்னது. கீழே கடை, மேலே குடியிருப்பு. கடையின் கதவும் ஜன்னலும் ஒரே வளைவுக்குள், ஜன்னல் திட்டுதான் விற்பனை மேசை. ஸ்போன்சா மாளிகை அந்த நிலநடுக்கத்தில் தப்பியது. அதையும் இந்த வீடுகளையும் மாறி மாறிப் பார்க்கவைத்தார் எங்கள் வழிகாட்டி அம்மா. பழைய ஊரின் அலங்காரம் எவ்வளவு போயிற்று என்பது அங்கே நின்றால்தான் புரியும்.

நாடோடி77:
நல்ல கையேடு எதிலும் இது இருக்கிறது, அம்மா. அதைப் படித்துக்கொண்டு என் வேகத்தில் நடப்பேன்.

பழங்கணக்கு:
இருவரும் எந்த நடையைச் சொல்கிறீர்கள்? அங்கே பாதிப் பேர் நடத்துவது, அந்த ஊரில் படமாக்கப்பட்ட ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் இடங்களைக் காட்டும் நடை. இயேசு சபைப் படிக்கட்டில் நின்று, தொடரின் ராணி தலைகுனிந்து இறங்கிய இடம் என்று படமெடுத்துக்கொள்கிறார்கள். நோய் பரவிய ஊர்களிலிருந்து வருவோரை 1377இலேயே ஒரு மாதம் ஒதுக்கி வைத்த நகரம் இது. 1416இல் அடிமை வணிகத்தைத் தடை செய்த நகரம். இதற்கு ஒரு நிமிடம், அந்தப் படிக்கட்டுக்குக் கால் மணி நேரம். ‘இலவச நடை’ என்பதும் இப்படித்தான்: டிப்ஸை நம்பிப் பேசுகிறவர் கூட்டம் சிரிக்கும் கதையைத்தான் சொல்வார்.

கோவைவாணி:
அப்படியானால் உரிமம் பெற்றவரைத் தேடுங்கள். குரோவேஷிய விடுதலைப் போரில், 1991இல் யூகோஸ்லாவிய ராணுவம் ஊரை முற்றுகையிட்டபோது சிறுமியாக அங்கே இருந்தவர் எங்களோடு நடந்தார். பளிச்சென்ற ஓடுகளைக் காட்டி, குண்டுவீச்சுக்குப் பின் வேய்ந்தவை என்றார். எந்தக் கையேடு இதை அந்தக் குரலில் சொல்லும்?

நாடோடி77:
அதுதான் எனக்கு உறுத்துகிறது. தினமும் அதே மூலையில், அதே இடத்தில் குரல் தழுதழுத்தால் அது நினைவா, நிகழ்ச்சியா? போதாக்குறைக்கு அது ஒரு தரப்பின் கதை. ஸ்போன்சாவில் இறந்த வீரர்களின் படங்கள் வைத்த அறை இருக்கிறது. பேச ஆளில்லாமல் பார்க்கலாம்.

கோவைவாணி:
ஒரு தரப்பா? 1991 டிசம்பர் 6 குண்டுவீச்சுக்காக யூகோஸ்லாவிய ராணுவத்தின் ஜெனரல் பாவ்லே ஸ்ட்ருகருக்கு ஹேக் நகரில் இருந்த சர்வதேசப் போர்க்குற்றத் தீர்ப்பாயம் தண்டனை கொடுத்தது. 1979 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருந்த ஊர் அது. பிழைப்புக்காகத் தினமும் சொல்வதால் பட்டது பொய்யாகிவிடாது.

நாடோடி77:
பொய் என்று நான் சொல்லவில்லை. நாற்பது பேர் காதுக்கருவி மாட்டிக்கொண்டு கேட்கும் முறையைத்தான் சொல்கிறேன். நெரிசல் தாங்காமல்தான் 2019இல் சொகுசுக் கப்பல்களை ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் விடுவதில்லை என்றார்கள். குழு நடைக்கும் அப்படி ஒரு கடிவாளம் வேண்டும்.

திருச்சிக்காரன்:
சண்டைக்கு நடுவே ஒரு கேள்வி. முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துப் போகிறேன். நடக்க முடியுமா?

கோவைவாணி:
ஸ்ட்ராடுன் சமதளம், பக்கத்துச் சந்துகள் பலவும் படிகள். தனி வழிகாட்டி வைத்து, படி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

நாடோடி77:
மதிலை விட்டுவிடுங்கள் தம்பி, முழுக்கப் படிகள். மழை பெய்தால் ஸ்ட்ராடுன் கல்லும் வழுக்கும். காலையில் கப்பல் கூட்டம் வருமுன் போய்விடுங்கள். வழிகாட்டிக் காசில் துறைமுகத்தில் அம்மாவுக்கு நல்ல மீன் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள்.

கோவைவாணி:
துறைமுகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் வழிகாட்டிக் காசு போதாது, தம்பி.