மழைக்கு முன்னாடி கருத்து கேக்க வர்ற அதிகாரிங்ககிட்ட என்னத்த சொல்றது?

ஆத்தோரத்தான்:
கடலூர்ல தென்பெண்ணை ஓரத்து ஊரு நம்மளது. ஃபெஞ்சல் புயலப்போ, 2024 டிசம்பர் 2 விடியக்காலைல சாத்தனூர் டேம்லேந்து 1.68 லட்சம் கன அடி தொறந்து விட்டாங்களே, அதுல மாட்டுனவங்க. தண்ணி வடிஞ்சப்புறம் ஒரு டீம் வந்து ரோட்டோரப் பந்தல்ல ஒட்டியிருந்த போட்டோவ பாத்துச்சு, கட்சிக்காரங்க ரெண்டு பேரு பேசுனாங்க, கார் கெளம்பிடுச்சு, கொல்லப்பக்கம் ஒருத்தரும் எறங்கல. இப்ப மழைக்கு முன்னாடி மக்கள்கிட்ட கேக்கப்போறோம்னு வர்றாங்களாம். யார பேச வைக்கலாம்? ஊர்ல எல்லாரும் நிவாரணத்த ஏத்துங்கன்னுதான் கத்துவாங்க போல.

ரிடையர்டு ரெவின்யூ:
தம்பி, ரேஷன் கார்டுக்கு 2000ன்னு முடிவானது கோட்டைல, வர்றவரு கைல அது இல்ல. அவரால ஆகறத கேளுங்க. முகாம் போடற ஸ்கூல் சாவி ராத்திரி யார்கிட்ட இருக்கும், மாட்ட எந்த மேட்டுல கட்டறது, மைக்குல சொல்லிட்டு வரப்போறது யாரு. அஞ்சு தடவ எச்சரிக்கை விட்டோம்னாங்க, சரி, கன அடின்னு சொன்னா கெழவிக்கு என்ன தெரியும்? பாலத்துல எந்த மட்டத்த தொட்டா எந்தத் தெருவுக்கு வரும்னு பெயிண்ட்ல கோடு போட சொல்லுங்க, அந்தக் கணக்கு உங்க ஊரு பெருசுங்ககிட்டதான் இருக்கு. வாயால சொன்னா காத்தோட போயிடும், மனுவா குடுத்து ரசீது வாங்குங்க. அன்னிக்கு முடியலன்னா திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாள். அக்டோபர் 2 கிராம சபைல தீர்மானமாவும் போட்ருங்க.

முதுநகர் அக்கா:
யார பேச வைக்கறதுன்னா பொம்பளைங்கள! நாங்க முகாம்ல இருந்தப்ப வந்த சாரு ஆம்பளைங்கள பாத்து சாப்பாடு வந்துச்சான்னு கேட்டுட்டு போயிட்டாரு, கக்கூஸ்ல தாழ்ப்பா இல்லாம ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய கதவ புடிச்சுட்டு நின்னோம், கைக்கொழந்தக்காரி பால் குடுக்க ஒரு மறைப்பு கூட இல்ல, மைக் முன்னாடி அத்தன ஆம்பளைங்க நிக்கறப்போ இதயெல்லாம் எவ சொல்லுவா? தனியா ஒக்கார வச்சு கேக்க சொல்லுங்க, ஒரு லேடி ஆபீசர் வந்தா ரொம்ப நல்லது.

பாகூர் வெவசாயி:
எங்க பக்கமும் அதே ஆத்துத் தண்ணிதான் பூந்துச்சு, தமிழ்நாட்டுக் கரைக்கு 2000 எங்க புதுச்சேரி கரைக்கு 5000, அது வேற கத 😄 பேரிடர் நிதி ரூல்படி பயிர் 33 சதவீதமாவது போயிருக்கணும். அதில்லாம நெலத்துல மணல் 3 அங்குலத்துக்கு மேல படிஞ்சா அத வாரறதுக்கு தனி உதவி உண்டு, நெறைய பேருக்கு தெரியாது, ஜேசிபி விட்டு சுத்தம் பண்ணிட்டு அப்புறம் போயி கேப்பாங்க, எங்கய்யா மணலுன்னு திருப்பி கேட்டா என்ன காட்டறது? ஸ்கேல குத்தி போட்டோ எடுத்து வச்சுக்கணும். விஏஓ எத்தன நாள்ல வந்து அளப்பாருன்னு அந்தக் கூட்டத்துலயே கேட்டு வாங்கிடுங்க.

ஆத்தோரத்தான்:
நன்றி சார், அக்கா, அண்ணே. ஸ்கூல் சாவிய இப்பதான் விசாரிச்சேன், எச்எம் கிட்டயாம், அவரு குடியிருக்கறது நெய்வேலில. மனுல மொத பாயிண்ட் இதான்.