மறு: சண்டவுனிங் – ‘மாலைமயக்கம்’ சரிவராது

ஐயா, மறதி நோயாளிகளுக்குப் பொழுது சாயும்போது வரும் குழப்பத்தை ஆங்கிலத்தில் சண்டவுனிங் (sundowning) என்கிறார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் சொன்ன ‘மாலைமயக்கம்’ காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அதில் ஒருமுறை மாட்டிக்கொண்டவள். என் மாமியாருக்கு ஆல்சைமர் என்ற மறதி நோய். பொழுது சாயும்போது மட்டும் வரும் தடுமாற்றத்தைச் சொல்ல ஒரு மருத்துவமனைக்குப் போன் போட்டு, “சாயங்காலமானால் மயக்கம் வருகிறது” என்று உளறிவிட்டேன். சர்க்கரை பாருங்கள், பிரஷர் பாருங்கள், படுக்கவைத்துக் காலைச் சற்றுத் தூக்கி வையுங்கள் என்றார்கள். அவரோ அந்நேரம் இரண்டு சேலையையும் காமாட்சி விளக்கையும் மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு, “எங்க வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவா” என்று வாசல் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சங்கப் பாட்டில் தலைவி மாலையில் மயங்குவாள், சரி, அது வேறு நோய்.

‘எற்பாட்டுக் குழப்பம்’ என்று இங்கே ஒருவர் சொன்னது நேரக்கணக்கில் கச்சிதம்; எற்பாடு என்றால் பழந்தமிழில் பொழுது சாயும் பிற்பகல். நான்கு மணிக்கே தொடங்கிவிடும் தொல்லைக்கு மாலையைவிட எற்பாடுதான் பொருந்தும். ஆனால் பார்த்துக்கொள்ள வரும் அக்காவிடம் சொன்னால் “என்ன ஏற்பாடு?” என்பார்.

என் ஓட்டு ‘அந்திக் கலக்கம்’. மனம் குழம்புவதையும் பதறுவதையும் கலக்கம் என்ற ஒரே சொல் பிடித்துவிடுகிறது. பொழுதின் பெயர் அதில் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்து உடலுக்கு நேரம் சொல்கின்றன. ஆல்சைமரில் அவையும் சிதைகின்றன, தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் ஹார்மோனும் குறைகிறது, பகல் எது இரவு எது என்ற பிடி உடம்புக்கே தளர்ந்துவிடுகிறது. அந்திக் கலக்கத்துக்கு இது ஒன்றே காரணம் என்று நிறுவப்படவில்லை, ஆனால் வலுவான சந்தேகம் இதன்மேல்தான். அப்புறம், இது ஒருவழிப்பாதையும் இல்லை: ஒரே ஓர் இரவு தூக்கம் கெட்டாலும், ஆல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் கூடுவதைக் கண்டிருக்கிறார்கள்.

உடலின் இந்த அன்றாடத் தாளத்தைக் குறிக்கும் ‘சர்க்காடியன்’ (circadian) என்ற சொல்லுக்கு ‘தினத்தாளம்’ என்கிறீர்கள். 1959இல் ஃபிரான்ஸ் ஹால்பெர்க் என்ற விஞ்ஞானி லத்தீனிலிருந்து அந்தச் சொல்லை உருவாக்கியபோது ‘ஏறத்தாழ ஒரு நாள்’ என்ற பொருளில்தான் உருவாக்கினார். அந்த ‘ஏறத்தாழ’வை விட்டால் விஷயமே போயிற்று. மனிதக் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடம் நீளமாக ஓடும், அதைத் தினமும் திருத்தி வைப்பது முக்கியமாக வெளிச்சம்தான். ‘நாளொட்டுத் தாளம்’ எப்படி? நாளை ஒட்டி ஓடுவது என்ற பொருளில். கொஞ்சம் கரடுமுரடு, ஒத்துக்கொள்கிறேன், யாராவது செதுக்குங்கள்.