அம்மாவின் மறதி: வயதுக்கு வருவதா, வருத்தமா?

கொக்குவில் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 74 வயது. அப்பா இல்லை. நானும் அம்மாவும் பிள்ளைகளும்தான் வீட்டில். கொஞ்சக் காலமாக அவவுக்கு மறதி கூடிக்கொண்டு வருகிறது. திறப்பை வைத்த இடம் தெரியாமல் தேடுகிறா, குசினிக்குள் போய் நின்றுகொண்டு எதுக்கு வந்தேன் என்று என்னைக் கேட்கிறா, பேத்தியைக் கூப்பிட முதல் என் பெயரையும் சித்தியின் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் அவளின் பெயருக்கு வருகிறா. காலையில் நான் சொன்னதைப் பின்னேரம் கேட்டால், நீ சொல்லவே இல்லை என்று சண்டை. அதுதான் எனக்குக் கூடப் பயம்.

ஆனால் எங்கள் ஒழுங்கையில் சீட்டுப் பிடிக்கிறது அம்மாதான். யார் எந்த மாதம் எடுத்தது, யார் இன்னும் கட்டவில்லை என்பதைக் கொப்பியைத் திறக்காமலே சொல்லுவா, பிறகு கொப்பியைப் பார்த்தால் அப்படியே இருக்கும். 95இல் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது நாங்கள் சாவகச்சேரியில் இருந்த வீட்டில் எத்தனை குடும்பம் இருந்தது, எந்தக் கிணற்றில் தண்ணீர் உவர் என்று இன்றைக்கும் சொல்லுவா. தேவாரம் பாடினால் ஒரு சொல் பிசகாது.

கனடாவில் இருக்கிற அண்ணா வீடியோ கோல் எடுக்கும் போதெல்லாம், அம்மா இன்றைக்கு என்ன கிழமை, நேற்று இரவு என்ன சாப்பிட்டீங்கள் என்று சோதனை வைக்கிறார். அம்மா பதறிப்போய்ப் பிழையாகச் சொல்லுகிறா. உடனே அவர், இது அல்சைமர்தான், சீட்டை நிப்பாட்டு, அடுப்படிக்கு விடாதே என்கிறார். சொந்தக்காரரோ இந்த வயதில் அறளை பெயர்வது வழமைதானே, விடு என்கிறார்கள். நான் யார் சொல்வதைக் கேட்பது? பிரஷரும் சீனி வருத்தமும் இருக்கிறது, கிளினிக்கில் மருந்து எடுக்கிறா.

ஓய்வுபெற்ற தாதி:

தங்கச்சி, முதலில் அண்ணாவிடம் அந்தக் கேள்விகளை நிப்பாட்டச் சொல்லுங்கோ. பரீட்சை வைக்கிறார்கள் என்று தெரிந்தாலே வயதானவர்களுக்கு, தெரிந்த பதிலும் வராது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னும் மோசம். வீட்டிலே இருக்கிற ஆளுக்குக் கிழமை பிழைப்பதும் பெரிய விஷயமில்லை, வேலைக்குப் போகிறவருக்குத்தான் திங்கள் செவ்வாய் தேவை.

அடுத்தது, சொந்தக்காரர் சொல்வது போல விட்டுவிடவும் கூடாது. மறதி என்று வருகிற வயதானவர்களில் ஒரு பங்கு பேருக்குத் திருத்தக்கூடிய காரணம் இருக்கும், அதைத் தேடாமல் பெயர் வைக்கிறதுதான் எனக்குத் தாங்காது. அம்மா சீனிக்கு மெற்போமின் போடுகிறாவா? கனகாலம் போட்டால் விட்டமின் பி12 குறையலாம். அதோடு மீன் முட்டை சாப்பிடாத சைவக்காரர் என்றால் இன்னும் கவனம், வயது போகப் போக வயிறு அதை உறிஞ்சுவதும் குறையும். பி12 குறைந்தால் ஞாபகம் மங்கும், கால் விறைக்கும், தடுமாறும். தைரொயிட் குறைந்தாலும் ஆள் மந்தமாகிப்போகும். இரண்டும் இரத்தத்தில் பார்க்கலாம். பி12 பெரும்பாலும் வெளியே காசு கட்டித்தான் பார்க்க வேண்டி வரும், ஆனால் பாருங்கோ.

அப்புறம் குளிசைகள். கிளினிக்கில் தருகிற அந்தச் சின்னக் கடதாசிப் பைகள் எல்லாவற்றையும் மேசையில் கொட்டுங்கோ, பார்மசியில் தானாக வாங்கியதையும் சேர்த்து. தடிமனுக்கும் கடிக்கும் வாங்கிப் போடுகிற குளோர்பெனிரமின், நித்திரைக்கும் நரம்பு நோவுக்கும் தருகிற அமிற்றிப்டிலின், இவை மூளையில் அசற்றைல்கொலின் என்கிற பொருளின் வேலையைத் தடுக்கும், அது ஞாபகத்துக்குத் தேவையானது. இளம் ஆளுக்கு நித்திரை வருவதோடு போய்விடும், 70 தாண்டியவருக்குப் புத்தியே கலங்கலாம். ஆனால் டொக்டர் எழுதித் தந்த மருந்தை நீங்களாக நிப்பாட்டாதேங்கோ, பையோடு கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கோ.

காது. இதை ஒருவரும் யோசிப்பதில்லை. நீ சொல்லவே இல்லை என்று அம்மா சண்டை பிடிக்கிறா என்றால், உண்மையாகவே அவவின் காதில் அது விழாமல் இருந்திருக்கலாம். குசினிக்குள் தண்ணீர் ஓடும்போது பின்னுக்கு நின்று சொன்னீங்களா, முகத்தைப் பார்த்துச் சொன்னீங்களா? கேட்காத ஒன்றை மறக்கவும் முடியாதே.

கடைசியாக ஒன்று. சில நாளுக்குள், அல்லது ஒரே இரவில் ஆள் குழம்பினால், பின்னேரமானால் ஒன்றும் புரியாமல் கதைத்தால், அதை மறதி நோய் என்று விட்டுவிடாதேங்கோ, சலக்கிருமி, காய்ச்சல், சீனி இறங்குவது, உப்புக் குறைவது, தலை அடிபட்டது என்று ஏதோ ஒன்றாக இருக்கலாம். கிளினிக் நாள் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்.

உயிரியல் படிப்பிப்பவன்:

அக்கா சொன்னதோடு, மூளைக்குள் வயதோடு என்ன நடக்கிறது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் அம்மாவுக்கு எது மறக்கிறது எது மறக்கவில்லை என்று நீங்கள் எழுதிய விதம் அதோடு நன்றாகப் பொருந்துகிறது.

வயது போனால் மூளைக்கலங்கள் ஆயிரக்கணக்கில் செத்துப்போகும் என்று ஒரு காலத்தில் படிப்பித்தார்கள். சாதாரண முதுமையில் அப்படிப் பெரிய இழப்பு இல்லை என்று பிறகு தெரிந்தது. குறைவது கலங்களுக்கு இடையிலான இணைப்புகள்தான். புதிய சம்பவங்களைப் பதியும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி முதுமையில் வருடத்துக்கு 1 முதல் 2 வீதம் சுருங்கும். கவனத்தைப் பிடித்து வைத்திருக்கும் முன்மூளையும் சுருங்கும். நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்று ஓர் உறை உண்டு, மின் வயரின் பிளாஸ்டிக் உறை மாதிரி, அது தேயத் தேயச் செய்தி ஓடும் வேகம் குறையும். பெயர் வாய்க்குள் நின்று வெளியே வராதது, இரண்டு வேலையை ஒன்றாகச் செய்யும்போது ஒன்று விடுபடுவது, குசினிக்குள் போய் நிற்பது, இவை எல்லாம் இதனால் வருபவை. பெயரின் முதல் எழுத்தைச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கோ, டக்கென்று வந்தால் அது உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் நேரம் பிடிக்கிறது.

ஆனால் சொற்கள், பொது அறிவு, கனகாலம் பழகிய வேலை, இவை வேறு வழியாகப் பதிந்தவை. அமெரிக்காவில் சியாட்டிலில் வோர்னர் ஷாய் 1956இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வில், வேகம் முன்னதாகவே குறையத் தொடங்கினாலும் சொல்வளம் போன்றவை கன வயது வரை நின்றதைக் கண்டார்கள். சின்ன வயதிலிருந்து பாடிவருகிற தேவாரம் பிசகாததற்கு இதுதான் காரணம். 95 வேறு கதை. பயமும் துக்கமும் கலந்த சம்பவங்களை அமிக்டலா என்ற பகுதி அழுத்திப் பதியவைக்கும். எங்கள் சனத்தில் அந்த வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் அந்த ஒக்டோபர் இரவு நடந்ததை அடியடியாகச் சொல்லுவார்கள்.

சீட்டை நிப்பாட்டச் சொல்வதை நான் முழுதாக எதிர்க்கிறேன். கணக்கு, ஆட்களோடு கதை, பொறுப்பு மூன்றும் அதில் இருக்கிறது, காசு கொடுத்தாலும் இப்படி ஒரு பயிற்சி கிடைக்காது. அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரிகளை வைத்து டேவிட் ஸ்னோடன் செய்த ஆய்வில் சிஸ்டர் மேரி என்று ஒருவர், 101 வயது வரை வாழ்ந்தவர், சோதனைகளில் நல்ல புள்ளி எடுத்தவர். இறந்தபின் மூளையைப் பார்த்தால் அல்சைமருக்குரிய படிவுகளும் சிக்குகளும் நிறைய. மூளை பழுதுபட்டும் அவர் அதைச் சமாளித்திருக்கிறார். படிப்பு, வேலை, ஆட்களோடு பழகுவது எல்லாம் அந்தச் சமாளிக்கும் பலத்தைக் கூட்டும் என்பதுதான் இன்றைக்குப் பலரும் ஏற்கிற கருத்து. நடையும் அப்படித்தான். 2011இல் அமெரிக்காவில் 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியினரை ஒரு வருடம் கிழமைக்கு மூன்று நாள் நடக்க வைத்தார்கள், அவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 வீதம் பெருத்திருந்தது, நடக்காதவர்களுக்குச் சுருங்கியது. எனவே பயப்பட வேண்டாம், இது வயதுதான்.

கரவெட்டியான்:

சேர், உங்கள் விளக்கம் நல்லது. கடைசி வசனத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். இங்கே எழுதியதை வாசித்துவிட்டு வயதுதான் என்று முடிவு சொல்ல முடியாது.

எங்கள் ஐயா தோட்டக்காரர், புகையிலையும் வெங்காயமும். அவருக்குப் பெயர் மறக்கவில்லை, திறப்புத் தொலையவில்லை, பழைய கதை எல்லாம் சரியாகச் சொல்லுவார். ஒருநாள் மிசினைப் போட்டுவிட்டு மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்கிறார், தண்ணீர் வந்து நிரம்புகிறது, எந்தப் பாத்தியை முதலில் வெட்டி விடுவது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்க்கிறார். ஐம்பது வருடத்துக்கு மேல் அதே நிலத்தில் தண்ணீர் கட்டிய மனிசன். அதற்குப் பிறகுதான் மற்றவை எங்கள் கண்ணில் பட்டன. நெல்லியடிச் சந்தையால் வரும்போது வழமையான ஒழுங்கையைத் தாண்டிப் போனது, ஆயிரம் ரூபாய்த் தாளையும் ஐநூறையும் மாறிக் கொடுத்தது, ஒரே கேள்வியைப் பத்து நிமிசத்துக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது, கேட்டதே நினைவில்லாமல். முதல் எழுத்தைச் சொன்னாலும் வராது, ஏனென்றால் பதியவே இல்லை. கோபமும் சந்தேகமும் கூடியது, காசைத் தம்பி எடுத்துவிட்டான் என்று. எங்கள் ஆட்கள் அறளை என்று சொல்லிச் சொல்லியே நல்ல காலம் எல்லாம் போய்விட்டது.

அதனால் தங்கச்சி, எத்தனை தரம் மறக்கிறா என்று எண்ணாதேங்கோ, பழகின வேலை பிழைக்கிறதா என்று பாருங்கோ. கறி வைக்கும் ஒழுங்கு மாறுகிறதா, சீட்டுக் கணக்கில் பிழை வருகிறதா, தெரிந்த இடத்தில் வழி தடுமாறுகிறதா. அவவுக்குத் தன் மறதி தெரிகிறதா என்பதும் முக்கியம். தனக்கு மறக்கிறது என்று கவலைப்படுகிறவரை விட, ஒன்றும் இல்லை என்று சாதிக்கிறவரைப் பற்றி வீட்டார் பயப்பட வேணும். பிரஷரும் சீனியும் இருப்பதால் மூளையின் சின்ன இரத்தக்குழாய்கள் அடைபட்டு வருகிற மறதியும் உண்டு, அதை நடந்தும் தேவாரம் பாடியும் மட்டும் நிப்பாட்ட முடியாது, பிரஷரைக் கட்டுக்குள் வைக்க வேணும். டொக்டரிடம் மறதி என்று ஒற்றைச் சொல்லில் சொல்லாமல் நடந்ததை நாளோடு எழுதிக் கொண்டுபோங்கோ. நான் அப்படிச் செய்த பிறகுதான் அவர்கள் மணிக்கூடு கீறச் சொல்லி, சொற்கள் சொல்லித் திருப்பிக் கேட்டு, தலையை ஸ்கான் எடுத்துப் பார்த்தார்கள்.

உயிரியல் படிப்பிப்பவன்:

அண்ணை சொல்வது சரி, பரிசோதிக்காமல் அந்த முடிவைச் சொல்ல முடியாது. நீங்கள் பிரஷரைச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். 2024இல் லான்செட் என்கிற மருத்துவ இதழின் ஆணைக்குழு, டிமென்சியா எனப்படும் மறதி நோய்க்கு, கவனித்தால் குறைக்கக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. பிரஷர், சீனி, காது கேளாமை, பார்வைக் குறைவு, கெட்ட கொலஸ்ரோல், புகைத்தல், மனச்சோர்வு, தனிமை எல்லாம் அதில் வருகின்றன. இவை அத்தனையையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் டிமென்சியாவில் சுமார் 45 வீதத்தைத் தவிர்க்கலாம் அல்லது பிந்தவைக்கலாம் என்பது அவர்களின் கணிப்பு. யாழ்ப்பாணத்தில் அந்தத் தனிமையைத்தான் நான் முதலாவதாகச் சொல்லுவேன். பிள்ளைகள் எல்லாம் வெளியில், பெரிய வீடு, ஒரு கிழவியும் ரி.வியும்.

கொக்குவில் மகள்:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவின் மருந்துப் பைகளைக் கொட்டிப் பார்த்தேன். கடிக்கு என்று யாரோ வாங்கிக் கொடுத்த குளிசையை இரவில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறா, எனக்குத் தெரியவே தெரியாது. கிளினிக்கில் காட்டினேன், அது வேண்டாம் என்றார்கள். மெற்போமினும் போடுகிறா, நாங்கள் சைவம், அதனால் பி12க்கும் தைரொயிட்டுக்கும் இரத்தம் கொடுத்திருக்கிறோம், றிப்போட் இன்னும் வரவில்லை. காதில் குறும்பி அடைத்திருந்தது, எடுத்துவிட்டார்கள். ரி.வியின் சத்தத்தைத் தானாகவே குறைத்து வைக்கிறா. ஆனாலும் பெயர்கள் இன்னும் மாறித்தான் வருகின்றன.

சீட்டுக் கொப்பியை அவவுக்குத் தெரியாமல் கூட்டிப் பார்த்தேன், பிழை இல்லை. அதை நிப்பாட்டப் போவதில்லை. அண்ணா கிழமை கேட்பதை விட்டுவிட்டார், இப்போது அம்மாவிடம் ஒடியல் கூழ் வைக்கிற முறை கேட்கிறார், அரை மணித்தியாலம் கதை போகிறது. றிப்போட்டில் பி12 குறைவு என்று வந்தால் குளிசை போதுமா, ஊசி போட வேணுமா?

ஓய்வுபெற்ற தாதி:

அது எவ்வளவு குறைவு, கால் விறைப்பு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, டொக்டர்தான் சொல்லுவார். பி12 பார்க்க முதல் போலிக் அசிட் குளிசையைத் தனியாகத் தொடங்காதேங்கோ, இரத்தச்சோகை திருந்தின மாதிரித் தெரியும், நரம்பு உள்ளே பழுதாகிக்கொண்டிருக்கும். எது எப்படி வந்தாலும் ஆறு மாதம் கழித்து ஒருக்கால் திரும்பக் கொண்டுபோய்ச் சோதிக்கச் சொல்லுங்கோ. வயதுக்குரிய மறதி என்றால் அந்தக் காலத்துக்குள் பெரிதாக மாறாது, நோய் என்றால் வித்தியாசம் தெரியத் தொடங்கலாம். கரவெட்டித் தம்பி சொன்ன அந்தக் குறிப்பை இப்போதே எழுதத் தொடங்கினால் அப்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.