ஓப்பனரா, அஞ்சாம் ஆளா: யாரு அதிகம் நின்னு ஆடுறாங்க?

குடந்தை ஸ்கோரர்:
சம்பா அறுப்பு முடிஞ்சதும் மேட்ச் ஆரம்பிச்சுடும். நம்ம டீம்ல அஞ்சாவதா இறங்குற தம்பியை ஓப்பனரா, அதாவது முதல் ஜோடியில, அனுப்பணும்னு பேச்சு ஓடுது. ஆவரேஜ் அவனுக்குத்தான் அதிகம், அதனால அவன்தான் அதிகம் நிக்கிறான்னு காரணம் சொல்றாங்க. என்னால இதை ஏத்துக்க முடியாது. ஆவரேஜ்ங்கறது ரன்னை அவுட் ஆன தடவையால வகுக்கறது. கீழே இறங்குறவனுக்கு நாட் அவுட் தானாவே சேரும். ஓப்பனர் கவாஸ்கர் 214 டெஸ்ட் இன்னிங்ஸ்ல 16 தடவை நாட் அவுட், ஆவரேஜ் 51.12. பெரும்பாலும் அஞ்சு, ஆறுல ஆடின வெஸ்ட் இண்டீஸ் சந்தர்பால் 280ல 49 தடவை நாட் அவுட், ஆவரேஜ் 51.37. பார்த்தா சரிசமம். இன்னிங்ஸ் எண்ணிக்கையால வகுத்துப் பாருங்க: கவாஸ்கருக்கு 47, சந்தர்பாலுக்கு 42.

மன்னை ஒன் டவுன்:
அண்ணே, அந்த வகுத்தல் சந்தர்பாலுக்கு அநியாயம். எதிர்ல நிக்க ஆளில்லாம இன்னிங்ஸ் முடியுது, அவர் அவுட் ஆகாம நிக்கிறாரு. அதையும் அவுட் கணக்குல சேர்த்தா எப்படி? நிக்கிறதைப் பத்திப் பேசும்போது ரன்னை விட்டுடுங்க, பந்தை எண்ணுங்க. சந்தர்பால் 27,395 பந்து ஆடி 231 தடவை அவுட், அதாவது ஒரு விக்கெட்டுக்கு சுமார் 119 பந்து. ஓப்பனர் சேவாக் 10,441 பந்து, 174 அவுட், 60 பந்து. ஒன் டவுன், அதாவது மூணாவதா இறங்குற டிராவிட் 31,258 பந்து, 254 அவுட், 123. டெஸ்ட்ல அவரைவிட அதிகப் பந்து ஆடினவங்க யாருமில்ல. இதுல இடம் எங்க வந்துச்சு? எல்லாம் ஆளைப் பொறுத்ததுதான்.

திருவையாறு புதுப்பந்து:
நான் பந்து போடுறவன், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். காலையில பிட்ச் மேல மேட் (பாய்) விரிக்கும்போது அடியில மண் பனியில ஊறிக் கிடக்கும். முதல் அஞ்சாறு ஓவர் ஒரு பந்து தாழ்ந்து வரும், அடுத்தது நெஞ்சுக்கு எகிறும். வெயில் ஏறினா அதே மேட் சாதுவாயிடும். அதுக்குள்ள ரெண்டு தடவையாவது பந்து வாய்க்கால்ல விழுந்து தோல் தண்ணி குடிச்சு கனத்துப்போயிருக்கும். அதுக்கப்புறம் எனக்கு ஸ்விங்கே கிடையாது, பந்து காத்துல வளையாது. அஞ்சாவது ஆளு ஆடுறது அந்தப் பந்தைத்தான். ரெண்டு பேரையும் ஒரே தராசுல நிறுத்தாதீங்க.

குடந்தை ஸ்கோரர்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். எந்த பேட்ஸ்மேனுக்கும் முதல் இருபது பந்துதான் கண்டம், செட் ஆகிட்டா ஆபத்து குறையும். ஓப்பனருக்கு அந்தக் கண்டமும் புதுப் பந்தும் ஒண்ணா வருது. மன்னைத் தம்பி சொன்ன மாதிரி பந்தையே எண்ணுவோம், ஆனா சராசரி மட்டும் போதாது. மருத்துவ ஆராய்ச்சியில நோயாளிகள் எவ்வளவு நாள் உயிரோட இருக்காங்கன்னு பார்க்க கப்லான், மையர் ரெண்டு பேரும் 1958ல ஒரு வழி சொன்னாங்க. பத்தாவது பந்துல எத்தனை பேர் ஆட்டத்துல இருந்தாங்க, அதுல எத்தனை பேர் அந்தப் பந்துல அவுட், மீதி எந்த விகிதம்? இப்படி ஒவ்வொரு பந்துக்கும் பார்த்து, அந்த விகிதங்களைப் பெருக்கிட்டே போகணும். 30 பந்துல நாட் அவுட்டா வந்தவனை 30 வரைக்கும் நின்னவனா வெச்சுட்டு, அப்புறம் கணக்குலேருந்து எடுத்துடணும். நாட் அவுட்டுக்கு அதிகச் சலுகையும் இல்ல, தண்டனையும் இல்ல.

மன்னை ஒன் டவுன்:
அழகான வழிதான், ஆனா அதுக்கு ஒரு நிபந்தனை உண்டே. கணக்குலேருந்து வெளியே போனவனும் உள்ளே இருக்கிறவனும் ஒரே அளவு ஆபத்துல இருந்திருக்கணும். நம்ம 25 ஓவர் மேட்ச்ல கடைசி நாலு ஓவர்ல எல்லாரும் சுத்துறாங்க. அப்ப நாட் அவுட்டா வந்தவனும், பன்னெண்டாவது ஓவர்ல கட்டை போட்டு நிக்கிறவனும் ஒண்ணா?

இன்னொண்ணு. நிக்கத் தெரிஞ்சவனைத்தான் கேப்டன் மேல அனுப்புறாரு. அப்புறம் ‘மேல ஆடுறவன் அதிகம் நிக்கிறான்’னு புள்ளிவிவரம் வந்தா, அது இடத்தோட குணமா, தேர்வோட குணமா? கொல்கத்தா 2001ஐப் பாருங்க. ஆஸ்திரேலியாவுக்கு எதிரா ஃபாலோ ஆன், அதாவது முதல் இன்னிங்ஸ்ல ரொம்பப் பின்தங்கி இந்தியா உடனே மறுபடி பேட் பண்ண வேண்டிய நிலை. ரெண்டாவது இன்னிங்ஸ்ல ஆறாம் இடத்து லக்ஷ்மண் மூணுக்குப் போனார், மூணாம் இடத்து டிராவிட் ஆறுக்கு வந்தார். லக்ஷ்மண் 452 பந்துல 281, டிராவிட் 353 பந்துல 180. நாலாம் நாள் முழுக்க ஒரு விக்கெட்கூட விழல.

குடந்தை ஸ்கோரர்:
ஒரு மேட்ச்சை வெச்சு விதி எழுத முடியாது தம்பி. ஆள் மாறாம இடம் மட்டும் மாறின இன்னிங்ஸ் நிறைய வேணும். அது நம்ம ஸ்கோர்புக்லேயே இருக்கு, ஓப்பனர் வராத நாள்ல எல்லாம் யாரோ ஒருத்தர் மேல போயிருக்கீங்க. என்ன, பந்து எண்ணிக்கையை யாரும் எழுதி வைக்கல, ரன் மட்டும்தான் இருக்கு.

திருவையாறு புதுப்பந்து:
அப்ப இந்த ஞாயித்துக்கிழமை மேட்ச்லேருந்து ஒவ்வொரு பேட்ஸ்மேனுக்கும் பந்து எழுதுங்கண்ணே. எத்தனாவது ஓவர்ல இறங்கினான், பந்து தண்ணியில விழுந்தது எப்பன்னும் ஓரத்துல குறிச்சுடுங்க.

மன்னை ஒன் டவுன்:
நான் எழுதுறேன். ஆனா அதுவரைக்கும் தம்பியை அஞ்சுலேயே வெச்சிருக்கணும்னு சொல்லாதீங்க. மேல அனுப்பாம அவன் மேல நிப்பானான்னு எந்த ஸ்கோர்புக்கும் சொல்லாது.

குடந்தை ஸ்கோரர்:
மூணு மேட்ச் அனுப்புங்க. அவன் ஆடுற பந்தை நானே எண்ணுறேன்.